மூக்கைப் பொத்தாமல் ஒரு பயணம்



ஆண்டு மலரில் பயணக் கட்டுரை என்றால் எப்படி இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஐ.வி. போன கதை, நடுவழியில் பஸ் நின்ற கதை, அணைக்கட்டைப் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிட்ட கதை, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. நான் எழுதப்போவதும் பயணக் கட்டுரைதான். ஒரே ஒரு வித்தியாசம், அந்த ஊருக்கு நான் இன்னும் போகவில்லை! கையில் பாஸ்போர்ட்டும் கிடையாது. நான் இதுவரை போன மிகத் தூரமான ஊர் சென்னை. ஆனாலும் அந்த ஊரின் தெருக்கள், வாசல்கள், வெள்ளிக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்பது வரை ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சர்வே ரெக்கார்டு நோட்டைக்கூட இவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை என்று என் தோழிகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்!

அந்த ஊரின் பெயர் ஃபெஸ். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மொராக்கோ நாட்டின் பழம்பெரும் நகரம்.

"ஏன்டி, ஊட்டி இல்லையா, கோவா இல்லையா? மொராக்கோவா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல் காட்டிய ஊர்

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. தாத்தா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். அப்பாவும் 14 வயதில் அதே வேலைக்குப் போனவர். இப்போது அவருக்கு 46 வயது. அம்மாவும் அக்காவும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தேறிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. கரண்ட் பில், பேங்க் நோட்டீஸ், மாத்திரை அட்டை எல்லாம் என்னிடம்தான் வரும்.

முதலாண்டில் ஆங்கில வகுப்புக்காக அகராதியைப் புரட்டியபோது 'மொராக்கோ' என்ற சொல் கண்ணில் பட்டது. நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில்தானே தொடங்க வேண்டும்? இது சின்ன எழுத்தில் இருந்தது. பொருள் என்ன தெரியுமா? 'மெல்லிய ஆட்டுத் தோல்.' உயர்ந்த புத்தகங்களுக்கு அட்டை போடப் பயன்படும் தோலாம். ஒரு நாட்டின் பெயரே தோலுக்குப் பெயராகிவிட்டது! பிரெஞ்சு மொழியில் தோல் பொருள் தொழிலுக்கு 'மரோக்கினெரி' என்றே பெயர். அதுவும் மொராக்கோவிலிருந்து வந்த சொல்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் தோல் என்ற சொல்லுக்கு என்ன மரியாதை என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஷிஃப்ட் முடிந்து அப்பா பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு கடைசி வரை காலியாகவே வரும். நிற்கிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள், உட்கார மாட்டார்கள். சிலர் கைக்குட்டையை எடுப்பார்கள். நான் அந்த பஸ்ஸில் இருந்தால் அந்த சீட்டு எனக்கு. கூட்டத்திலும் இடம் கிடைக்கும் வசதி என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்படிப்பட்ட தோலைத் தன் பெயராகவே வைத்திருக்கிற நாட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் உண்டா? தேடத் தொடங்கினேன். தோல் என்று தேடினால் மொராக்கோ வந்தது, மொராக்கோ என்று தேடினால் ஃபெஸ் வந்தது.

ஊரின் கதை

ஃபெஸ் நகருக்கு வயது ஆயிரத்து இருநூறுக்கு மேல். 789-ல் முதலாம் இத்ரிஸ் என்ற மன்னர் ஆற்றின் ஒரு கரையில் ஊரைத் தொடங்கினார். 809-ல் அவர் மகன் இரண்டாம் இத்ரிஸ் மறு கரையில் இன்னொரு ஊரை எழுப்பினார். ஸ்பெயினின் கோர்டோபா நகரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒரு கரையில் குடியேறினார்கள். துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்தவர்கள் மறு கரையில். 11-ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் சேர்ந்து ஒரே நகரமாயின. வந்தேறிகள் கட்டிய ஊர் என்றுகூடச் சொல்லலாம்.

கைரவானிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி. அப்பா விட்டுப்போன சொத்தைக் கொண்டு அவர் 859-ல் ஒரு பள்ளிவாசலை நிறுவினார் என்பது மரபு. அது வளர்ந்து கராவியின் என்ற பெரும் கல்விக்கூடமாயிற்று. இடைவிடாது நடந்துவரும் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தோழிகளே, கவனியுங்கள்! அப்பா காசில் மகள் நிறுவியது.

1912-ல் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் போனது. ஒப்பந்தம் கையெழுத்தானது ஃபெஸ்ஸில்தான். பிரெஞ்சுக்காரர்கள் தலைநகரை ரபாத்துக்கு மாற்றினார்கள், தங்களுக்கென்று பழைய ஊருக்கு வெளியே ஒரு புது நகரைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் பழைய ஊரை இடித்து அகலச் சாலை போடும் வேலை நடக்கவில்லை. 1981-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இப்னு பதூதா என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோமே, அவர் மொராக்கோக்காரர். 1325-ல் தாஞ்சியர் ஊரிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 21. நம்மைவிட மூன்று வயதுதான் மூத்தவர்! 1340-களில் இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்தவர், நம் கடற்கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்து கரையேறினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் பெண் எடுத்த வகையில் அவருக்கு உறவு. மதுரையில் கொள்ளை நோய் பரவியிருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார். சுற்றிய நாடுகளையெல்லாம் முடித்து ஊர் திரும்பியபின், சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி தன் பயணக் கதையை அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். 1355-ல் அது நிறைவு பெற்றது. எங்கே? ஃபெஸ்ஸில்! நம் மதுரையின் கதை அந்த ஊரில் உட்கார்ந்து எழுதப்பட்டது. அவர் வந்துவிட்டுப் போனார். மரியாதைக்கு நாம் ஒரு முறை திரும்பப் போக வேண்டாமா?

சிவில் கண்ணால் பார்த்தால்

நம் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு பகுதி. மற்ற துறையினர் பொறுத்தருள்க.

'ஃபெஸ் எல் பாலி' என்ற அந்தப் பழைய நகருக்குள் கார் கிடையாது, லாரி கிடையாது, டூ வீலர்கூட உள்ளே போக வழியில்லாத சந்துகள் ஏராளம். சந்துகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். சிலவற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் போக முடியும். கேஸ் சிலிண்டர், செங்கல், மணல், பச்சைத் தோல் எல்லாமே கழுதை முதுகில்தான். கழுதைக்காரர் "பாலக்! பாலக்!" என்று கத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், 'வழி, வழி' என்று அர்த்தம். ரெடிமிக்ஸ் வண்டி வராத ஊரில் ஒரு வீட்டைப் பழுது பார்ப்பதை நினைத்துப் பாருங்கள்! எஸ்டிமேட்டில் கழுதை வாடகைக்கு ஒரு வரி போட வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஏற்பாடு அதைவிட அதிசயம். ஆற்று நீரைப் பல கால்வாய்களாகப் பிரித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவிலேயே ஓடவிட்டு, பள்ளிவாசல், குளியலறை, தெரு நீரூற்று, வீடு என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பங்கிட்டுக் கொடுத்தார்கள். மோட்டார் இல்லை, ஓவர்ஹெட் டேங்க் இல்லை. லெவலிங் மட்டும் சரியாக இருந்தது!

பூ இனானியா என்ற மதரஸா 1350-களில் அபூ இனான் கட்டியது. சுவரின் அடிப்பகுதி 'ஸெல்லிஜ்' ஓடுகள், நடுவில் சுதை வேலை, மேலே தேவதாரு மரச் செதுக்கல். ஸெல்லிஜ் செய்வதைப் படித்து அசந்துபோனேன். களிமண் பலகையைச் சுட்டு, மெருகு பூசி, கூரான சுத்தியலால் ஒவ்வொரு துண்டாகக் கையால் உடைத்தெடுக்கிறார்கள். பிறகு துண்டுகளைக் குப்புறக் கவிழ்த்து அடுக்கி, பின்பக்கம் சாந்தை ஊற்றுகிறார்கள். அதாவது, கோலத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டுத் திருப்பிப் பார்க்கிற மாதிரி! அந்த மதரஸாவுக்கு எதிரில் 1357-ல் ஒரு நீர்க் கடிகாரம் வைத்தார்கள். மணிக்கு ஒரு சன்னல் திறந்து, பித்தளைக் கிண்ணத்தில் குண்டு விழுந்து ஒலி எழுப்புமாம். முகப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உள்ளிருந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பது தொலைந்துவிட்டது.

1325-ல் கட்டி முடித்த அல்-அத்தாரின் மதரஸாவின் மேல் மாடியில் சின்னச் சின்ன அறைகள். கராவியினில் படிக்க வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கியது அங்கேதான். எழுநூறு வருஷத்துப் பழைய ஹாஸ்டல், நண்பர்களே! மெஸ் பில் பாக்கிச் சண்டை அங்கேயும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கராவியின் நூலகத்தில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தாமே கொடுத்த கையெழுத்துப் பிரதி இருக்கிறது. ஈரத்தால் நலிந்துகிடந்த அந்த நூலகத்தைச் சீர்படுத்தும் பொறுப்பு 2012-ல் அஸீஸா ஷாவ்னி என்ற கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது. அவர் ஃபெஸ்ஸில் பிறந்தவர். முதலில் படித்தது என்ன தெரியுமா? சிவில்! அதை என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா பார்த்த வீடியோ

இவ்வளவும் சேர்த்தது நான் மட்டும் போவதற்காகத்தான். வேலைக்குப் போய், காசு சேர்த்து, எப்போதாவது தோழிகளோடு. திட்டம் மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஃபெஸ்ஸில் சோவாரா என்று ஒரு தோல் பதனிடும் இடம் இருக்கிறது. அந்த ஊருக்குப் போகிற வெளிநாட்டார் எல்லாரும் பார்க்கிற இடம் அது. தேன்கூடு மாதிரி வரிசை வரிசையாகக் கல் தொட்டிகள். சில வெள்ளை, சில சிவப்பு, மஞ்சள், பழுப்பு. சுற்றிலும் தோல் கடைகள். கடையின் மாடியில் நின்று கீழே பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். அந்த வீடியோவை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு பாக்கற?"

"மொராக்கோப்பா. டேனரி."

"சத்தத்தக் கொறை. அந்த மியூசிக்கு வாணாம்."

குறைத்தேன். வீடியோவில் பேசிய ஆங்கிலம் அவருக்குத் தேவைப்படவில்லை. திரையில் விரல் வைத்து அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"இது சுண்ணாம்பு. முடி கழட்டறதுக்கு. இது பக்கத்துல இன்னொரு வெள்ளத் தொட்டி… அதுல இன்னா போடறாங்க?"

படித்துச் சொன்னேன். "புறா எச்சம்பா."

அப்பா சிரித்துவிட்டார். "அட, பேட்டிங்கு! சுண்ணாம்பு ஏறின தோலு விறைச்சிக்கும். அத இளக்கணும். நாங்க இப்ப பவுடரு போடறோம், அவங்க எச்சம் போடறாங்க. வேல ஒண்ணுதான். கைக்கு பட்டு மாரி வந்தாத்தான் அடுத்ததுக்கு விடுவாங்க, பாரு, தடவிப் பாக்கறான் பாரு!"

புறா எச்சத்தில் இருக்கும் நொதிகளும் அமோனியாவும் தோலை இளக்குகின்றன என்று நான் படித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வார்த்தை. அவருக்குத் தெரிந்தது அந்த ஆள் விரலால் தடவிப் பார்ப்பது எதற்காக என்பது. தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தியது, பிறகு குரோம் வந்தது, டிரம் வந்தது என்று அன்று ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் வீட்டில் அப்பா இவ்வளவு நேரம் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவும் அரிசி களைவதை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

அப்புறம் கேட்டார். "மேல நிக்கறாங்களே, அவங்க கையில இன்னா தழை?"

"புதினாப்பா. கடைக்காரங்க குடுப்பாங்க. நாத்தம் தெரியாம இருக்க மூக்குல வெச்சிக்கறாங்க."

"அம்மாந்தூரம் செலவு பண்ணி வந்து மூக்கப் பொத்திக்கறாங்களா!" விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னார். இந்த முறை தொட்டிகளைப் பார்க்கவில்லை, தொட்டிக்குள் நிற்கிற கால்களைப் பார்த்தார்.

"பூட்ஸ் போட்டவன் எத்தினி பேரு, போடாதவன் எத்தினி பேரு, எண்ணினியா?"

நான் எண்ணியிருக்கவில்லை, யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்த வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கான பேர் 'அழகு, அழகு' என்று எழுதியிருந்தார்கள். அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலைப் பார்க்க அப்பாவின் கண் வேண்டியிருந்தது.

அன்று மாலை நோட்டின் அட்டையில் '1 நபர்' என்று இருந்ததை அடித்துவிட்டு '2 நபர்' என்று எழுதினேன்.

கணக்கும் காகிதமும்

இனி உண்மையான பிளானிங். எஸ்டிமேஷன் வகுப்பில் படித்தது வீண் போகவில்லை!

இந்தியர்களுக்கு மொராக்கோ போக விசா வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ மாறி காஸபிளாங்கா போக வேண்டும். அங்கிருந்து ஃபெஸ்ஸுக்கு ரயில், ஏறத்தாழ 4 மணி நேரம். நாணயம் திர்ஹம். நம் ஊர் கடைகளில் எளிதில் கிடைக்காது, அங்கே இறங்கித்தான் மாற்ற வேண்டும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நமக்கு அது புதிதல்ல என்றாலும், மார்ச் முதல் மே வரை அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல காலம். ரமலான் மாதத்தில் பகலில் பல உணவுக் கடைகள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பழைய ஊரில் கடைகள் குறைவு. முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் போக முடியாது. கராவியினை வாசலில் நின்றுதான் பார்க்கலாம். மதரஸாக்களுக்குள் டிக்கெட் வாங்கிப் போகலாம்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. 'பிஸாரா' என்று மொச்சைப் பருப்பில் ஒரு கெட்டி சூப், அதோடு ரொட்டி. கூலி வேலைக்காரர்களின் காலைச் சாப்பாடு அது. வீட்டில் பிசைந்த மாவைத் தெருப் பொது அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கமும் உண்டு. அம்மா இதைக் கேட்டு, "அப்ப கேஸு மிச்சம்" என்றார்.

எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 3 லட்சம் என்று வைத்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலைக்கு மாதம் 15,000 ரூபாய். அக்கா கல்யாணக் கடன், வீட்டுச் செலவு போக மாதம் 4,000 ஒதுக்கினால் 75 மாதம். அதாவது 6 வருஷம் 3 மாதம். அப்போது அப்பாவுக்கு 52 வயது ஆகியிருக்கும்.

இந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாத கணக்கு. காசு சேர்ந்துவிடும். ஆனால் அப்பாவுக்கு இப்போதே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. விரல் இடுக்கில் புண் ஆறுவதும் வருவதுமாக இருக்கிறது. ஃபெஸ்ஸோ முழுக்க ஏற்ற இறக்கம். பாப் பூ ஜலூத் என்ற நீல வாசலில் நுழைந்தால் 'தலா கபீரா' என்ற நீளச் சரிவு கராவியின் பக்கம் இறங்கும். இறங்குவது சுலபம். திரும்ப ஏற வேண்டுமே! அதனால் அப்பாவுக்காகத் திட்டத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். ஒரு நாளில் ஒரே இறக்கம், ஏறும்போது ஊருக்கு வெளியே போய் டாக்சி. நடுவில் உட்கார எங்கெங்கே நீரூற்று இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் கட்சி வேறு. "அந்த மூணு லட்சத்துக்கு ஒரு ரூம்பு எடுத்துக் கட்டலாம். இவரு போயி அதே தொட்டியத்தான் பாக்கணுமா? தெனம் பாக்கறது போதாதா?" அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிவில் படித்த பெண்ணுக்கு ரூம்பின் மதிப்பு தெரியாதா? அப்பாவிடமே கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: "இங்க நான் பாக்கறது எங்க மொதலாளி தொட்டி. அங்க போனா நான் விருந்தாளி. ஒரு தபா விருந்தாளியா நின்னு பாக்கணும்." அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ரூம்பு முதல், பயணம் அப்புறம் என்பது இப்போதைக்கு எங்கள் வீட்டு ஒப்பந்தம். ஆனால் பாஸ்போர்ட் மட்டும் உடனே எடுக்க அனுமதி கிடைத்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும்.

அங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற வகையில் வருகிறது. சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஏமாற்றப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. சுற்றுலா போக அது தடையில்லை. 50 வயது தாண்டினால் அந்த வகையே பொருந்தாது. ஆனாலும் ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி. விண்ணப்பத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தை அவருக்காக நான் நிரப்பும்போது அப்பா சொன்னார், "அஞ்சாவதுன்னு போடு. வெக்கப்படறதுக்கு இன்னா இருக்கு? நீ பத்து போட்டியே, அது நான் போட்டதுதான்."

எதையும் மூடி மறைக்காமல்

ஃபெஸ்ஸை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய ஊரில் பல சுவர்கள் மரக்கட்டை முட்டுக் கொடுத்துத்தான் நிற்கின்றன. டேனரிக் கழிவாலும் நகரக் கழிவாலும் செபு ஆறு கெட்டுப்போயிருக்கிறது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? நம் ஆற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய்த் தீர்ப்பு வந்தது. இரண்டு ஆற்றுக்கும் வந்த கேடு ஒன்றுதான். இங்கே மூக்கைப் பொத்துகிறவர்களும் அங்கே புதினா பிடிக்கிறவர்களும் அந்தத் தோலில்தான் செருப்பும் பையும் வாங்குகிறார்கள். அதனால் நான் ஃபெஸ்ஸுக்குப் போவது 'பார்த்தீர்களா, எங்கள் தொழில் எவ்வளவு அழகு' என்று காட்ட அல்ல. அழகும் நாற்றமும் சேர்ந்த ஒரு வேலையை, இரண்டையும் மறைக்காமல் பார்க்கத்தான்.

எங்கள் முதல் நாள் நிகழ்ச்சி நிரலை அப்பாவே முடிவு செய்துவிட்டார். காலையில் சோவாரா. மாடிக்கு ஏறுவதில்லை. கீழே இறங்க அனுமதி கேட்பது. கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் வாசலில் காத்திருந்து வேலை முடிந்து வருகிற ஒருவரோடு டீ குடிப்பது. புதினா போட்ட டீயாகவே இருக்கட்டும்! அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "ராத்திரி படுத்தா கை எரியுதா? எரிஞ்சா இன்னா தடவறீங்க?" அந்தக் கேள்வியை அரபியிலும் பிரெஞ்சிலும் கேட்கக் கற்றுக்கொள்வது என் பொறுப்பு. பிரெஞ்சு தொடங்கிவிட்டேன். இரண்டாம் நாள் எனக்கு. மதரஸா, நீர்க் கடிகாரம், கால்வாய்கள், அந்த மாடி ஹாஸ்டல்.

நண்பர்களே! இன்னும் சில மாதத்தில் நாம் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போகிறோம். நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டயம் வாங்குகிறவர்கள். நீங்களும் ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஃபெஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அப்பா செங்கல் சூளையில் இருந்தால் செங்கல்லால் பேர்பெற்ற ஊர் எங்கோ இருக்கும். அம்மா தறியில் இருந்தால் தறிக்கென்று ஒரு ஊர் இருக்கும். திட்டம் போடக் காசு தேவையில்லை, ஒரு 80 பக்க நோட்டு போதும். ஆனால் போடும்போது அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். நமக்குப் புத்தகத்தில் கிடைக்காத பாதி அவர்களிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருப்பதைச் சரிசெய்ய மனு கொடுத்திருக்கிறோம். போட்டோ எடுக்க அப்பா புதுச் சட்டை வாங்கியாகிவிட்டது. எல்லாம் நல்லபடி முடிய வாழ்த்துங்கள். ஏழெட்டு வருஷம் கழித்து எந்த ஊரில் வேலையில் இருந்தாலும், ஃபெஸ்ஸிலிருந்து உங்களுக்கெல்லாம் ஒரு தபால் அட்டை நிச்சயம் வரும். முகவரியை மறக்காமல் ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்!

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி